பத்து வாரத்து வசந்தம்

கேள்வி: அமெரிக்காவின் அரிசோனா மாநிலத்தில், டூசான் நகருக்கு வெளியே ஒன்றேகால் ஏக்கர் வாங்கிக் குடிவந்திருக்கிறோம். இது இரண்டாவது வருடம். எட்டுக் கோழி, மூன்று பாத்தி, முன்பு இருந்தவர்கள் வைத்துவிட்டுப் போன இரண்டு ஆரஞ்சு மரம், ஒரு எலுமிச்சை. போன ஏப்ரல் கடைசியில் பன்னிரண்டு தக்காளி நட்டோம். பூத்துக் குலுங்கியது, ஒன்றுகூடக் காய்க்கவில்லை. ஜூனில் எல்லாம் கருகிவிட்டது. கோழிக் கொட்டகைக்குள் பாம்பு வந்தது. மரத்தில் தேனீக் கூட்டம் வந்து தொங்கியது. சனி ஞாயிறு முழுக்க வேலைதான். "எல்லாவற்றையும் விட்டுவிடலாம்" என்கிறார் கணவர். ஏப்ரல் நடுவில் என் மாமியார் ஊரிலிருந்து வந்து மூன்று மாதம் தங்கப்போகிறார். எந்த வேலையை முதலில் செய்வது, எதை விடுவது? இந்தப் பொட்டலில் அவருக்குக் காட்ட என்ன இருக்கிறது?
— ஒரு வாசகி, டூசான் அருகே

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

தக்காளியிலிருந்தே தொடங்குகிறேன், ஏனென்றால் உங்கள் கேள்வி முழுவதற்கும் பதில் அதில்தான் இருக்கிறது. உங்களுக்குக் கைராசி இல்லை என்று மட்டும் நினைத்துவிடாதீர்கள். நட்ட தேதிதான் தப்பு. பகல் 95 டிகிரி ஃபாரன்ஹீட்டைத் தாண்டி, இரவும் 75க்குக் கீழே இறங்காமல் போனால் தக்காளியின் மகரந்தம் வேலை செய்யாது. பூ பூக்கும், காம்போடு உதிரும். ஏப்ரல் கடைசியில் நட்ட நாற்று வேர் பிடித்துப் பூக்க ஆறு வாரம் என்று வையுங்கள். அது ஜூன் ஆகிவிடுகிறது. டூசானில் மே முடிவதற்குள் பெரும்பாலும் 100 டிகிரி தொட்டுவிடும். நீங்கள் என்ன உரம் போட்டிருந்தாலும் அது காய்த்திருக்காது.

வசந்தம் என்றால் வருடத்தின் ஆரம்பம், இனி மெல்லச் சூடேறும், செடி தழைக்கும் என்றுதான் எல்லோரும் நினைக்கிறோம். தோட்டக்கலைப் புத்தகங்களில் பாதி அப்படித்தான் எழுதப்பட்டிருக்கின்றன. சொனோரன் பாலைவனத்தில் கணக்கு வேறு. இங்கே மழை வருடத்துக்கு இரண்டு முறை, குளிர்காலத்தில் கொஞ்சம், ஜூலை தொடங்கிக் கொஞ்சம். ஏப்ரல், மே, ஜூன் மூன்றும்தான் ஆகக் காய்ந்த மாதங்கள். பனி விழும் பயம் மார்ச் நடுவில் போகிறது, வறுத்தெடுக்கும் வெயில் மே கடைசியில் வந்துவிடுகிறது. நடுவில் இருப்பது பத்து வாரம். அந்தப் பத்து வாரத்தில் செய்கிற ஒவ்வொரு வேலையையும் ஜூன் மாதத்திலிருந்து பின்னோக்கி எண்ணித்தான் முடிவு செய்ய வேண்டும். "ஜூன் 15ஆம் தேதி மதியம் மூன்று மணிக்கு இது எனக்கு உதவுமா?" என்று கேளுங்கள். உதவும் என்றால் இப்போதே செய்யுங்கள். இல்லையென்றால் அக்டோபர் வரை அது கிடக்கட்டும்.

அப்படிப் பார்த்தால் முதல் வேலை தண்ணீர். இந்தப் பதிலை நீங்கள் படிக்கும்போது பிப்ரவரி கடைசி ஆகியிருக்கும், சரியான நேரம்தான். ஒரு சனிக்கிழமை காலை, வேறு எதையும் தொடாமல், சொட்டுநீர்க் குழாய்கள் பக்கம் போங்கள். ஒவ்வொரு குழாயின் கடைசி மூடியையும் கழற்றிவிட்டுத் தண்ணீரைத் திறங்கள். முதலில் தேநீர் நிறத்தில் வரும், அப்புறம் மணலைத் துப்பும், ஒரு நிமிடம் கழித்துத் தெளியும். தெளிந்த பிறகு மூடுங்கள். பிறகு ஒவ்வொரு டிரிப்பராகக் குனிந்து பாருங்கள். வாயில் வெள்ளையாகச் சுண்ணாம்பு படிந்திருந்தால் கழற்றி ஒரு ராத்திரி வினிகரில் போட்டு வையுங்கள். இங்குள்ள தண்ணீர் அவ்வளவு உப்பு. எங்காவது குழாயில் பல் பட்ட தடம் தெரிந்தால் அது முயலோ, கொயோட்டி என்ற சிறு ஓநாய் போன்ற விலங்கோ கடித்தது. தண்ணீர் கிடைக்காத மாதத்தில் அவை கடிக்காமல் என்ன செய்யும்? அந்த இடத்தை வெட்டி இணைத்துவிட்டு, வேலிக்கு வெளியே தாழ்வாக ஒரு தட்டில் தண்ணீர் வையுங்கள். கடி குறையும்.

ஆரஞ்சு மரங்களை நான் நேரில் பார்க்கவில்லை. ஆனாலும் ஒன்று கேட்கிறேன். டிரிப்பர்கள் அடிமரத்தை ஒட்டியே இருக்கின்றனவா? இந்தப் பக்கத்துத் தோட்டங்களில் நான் அதிகம் பார்க்கும் தப்பு இதுதான். கன்று நட்ட நாளில் வைத்த இடத்திலேயே டிரிப்பர் இருக்கும். மரம் பன்னிரண்டு அடி அகலத்துக்குப் படர்ந்திருக்கும். தண்ணீர் குடிக்கிற வேர் கிளை நுனிக்கு நேர் கீழேயும் அதைத் தாண்டியும்தான் இருக்கிறது. குழாயை அங்கே வட்டமாக நகர்த்துங்கள். தண்ணீர் விட்ட பிறகு மூன்றடி நீளமுள்ள ஓர் இரும்புக் கம்பியை மண்ணில் அழுத்திப் பாருங்கள். ஈரம் உள்ள வரை வெண்ணெயில் இறங்குவதுபோல இறங்கும், காய்ந்த இடத்தில் டக்கென்று நின்றுவிடும். காய்கறிக்கு ஓரடி, புதர்ச்செடிக்கு இரண்டடி, மரத்துக்கு மூன்றடி ஈரம் இறங்க வேண்டும். தினமும் பத்து நிமிடம் விடும் தண்ணீர் மேல் நாலு அங்குலத்தை மட்டும் நனைக்கும், உப்பையும் அங்கேயே சேர்த்து வைக்கும். இலை ஓரம் பழுப்பாகக் கருகுவது பெரும்பாலும் அந்த உப்பால்தான். அரிதாக விடுங்கள், விடும்போது நிறைய விடுங்கள்.

கம்பி ஓரிடத்தில் கல்லில் மோதியதுபோல நின்றால் அது காய்ந்த மண்ணாக இல்லாமல் சுக்கான் பாறையாக இருக்கலாம். இங்கே அதைக் கலீச்சி என்பார்கள். மண்ணுக்குள் சுண்ணாம்பு இறுகிச் சிமெண்டுபோல ஆன அடுக்கு. அங்கே குழி வெட்டித் தண்ணீர் ஊற்றினால் மறுநாளும் நிற்கும். அந்த இடத்தில் மரம் வைக்காதீர்கள். கடப்பாரையால் உடைத்துத் துளை போட முடிந்தால் மட்டும் யோசிக்கலாம்.

மண்ணைக் கிளறும் எந்த வேலைக்கும் முன்னால் மண்ணை நனைத்துக்கொள்ளுங்கள், முகக்கவசமும் போடுங்கள். அரிசோனா மண்ணில் ஒரு பூஞ்சை இருக்கிறது. அதன் வித்துகள் தூசியோடு நுரையீரலுக்குள் போனால் வேலி ஃபீவர் (Valley fever) என்ற காய்ச்சல் வரும். பலருக்குச் சளிபோல வந்து போய்விடும், சிலருக்கு மாதக்கணக்கில் இழுக்கும். மாமியார் வயதானவர், ஊருக்கும் புதியவர். காற்றடிக்கும் நாளில் அவரைக் கொத்து வேலைக்குக் கூப்பிடாதீர்கள்.

தண்ணீருக்கு அடுத்தது நிழல். குளிர்கால மழையின் ஈரம் மண்ணில் இருக்கும்போதே கம்பங்களை நட்டுவிடுங்கள். மே மாதத்தில் அதே குழிக்கு மூன்று மடங்கு உழைப்பு ஆகும். 30லிருந்து 50 சதவீத வெயிலைத் தடுக்கும் நிழல்வலை போதும். தலைக்கு மேல் கட்டுவதோடு மேற்குப் பக்கமும் தொங்கவிடுங்கள். செடியைக் கொல்வது உச்சி வெயில் என்பார்கள். என் அனுபவத்தில் மூன்று மணிக்குச் சாய்ந்து வருகிற மேற்கு வெயில்தான் கொல்கிறது. வலையை இப்போது கட்ட வேண்டாம், சுருட்டி வையுங்கள். மே முதல் வாரம் விரித்தால் போதும்.

பாத்திகள் மேடாக இருந்தால் அவற்றைத் தாழ்த்த முடியுமா என்று பாருங்கள். உயர்த்திய பாத்தி மழை அதிகமான ஊருக்கு ஏற்றது. இங்கே அது நாலு பக்கமும் காற்றுப் பட்டுக் காயும். பக்கத்து மாநிலமான நியூ மெக்சிகோவில் ஜூனி மக்கள் கையகல மண் வரப்புக் கட்டி, சிறு சிறு கட்டங்களாகத் தரைமட்டத்துக்குக் கீழே பயிர் வைத்தார்கள். விட்ட தண்ணீர் கட்டத்தை விட்டு எங்கும் போகாது, நாற்றுக்குக் காற்றடியும் குறையும். நாலு அங்குலம் தாழ்த்தி, மேலே வைக்கோலை மூன்று நாலு அங்குலத்துக்கு மூடாக்காகப் போட்டாலே தண்ணீர்ச் செலவில் வித்தியாசம் தெரியும். வைக்கோல் தண்டைத் தொடாமல் கொஞ்சம் தள்ளியிருக்கட்டும்.

சரி, நடவு. இந்த வருடம் தக்காளி பன்னிரண்டு வேண்டாம், நாலு போதும். சீக்கிரம் காய்க்கிற, சின்னப் பழம் தரும் செர்ரி ரகம் வாங்குங்கள், மார்ச் நடுவுக்குள் நடுங்கள். பனி எச்சரிக்கை வந்த இரவில் ஒரு பழைய போர்வையால் மூடுங்கள். வறண்ட ஓடையை இங்கே வாஷ் என்பார்களே, அதன் பக்கம் உங்கள் பாத்தி இருந்தால் இன்னும் இரண்டு வாரம் கவனமாக இருங்கள். குளிர்ந்த காற்று தண்ணீரைப் போலத் தாழ்வை நோக்கி வடியும். பனி முடிந்துவிட்டதா என்று மெஸ்கீட் மரத்தைப் பார்த்துச் சொல்வார்கள் இங்குள்ள பெரியவர்கள். மற்ற மரமெல்லாம் அவசரப்பட்டுத் துளிர்க்கும், மெஸ்கீட் காத்திருந்து துளிர்க்கும். அது துளிர்த்தால் போர்வையை மடித்து வைக்கலாம். (ஊரில் வெட்டச் சொல்லும் சீமைக் கருவேலத்தின் நெருங்கிய உறவுதான் இது. ஆனால் இந்த மண்ணுக்கே சொந்தமானது, பூவும் நிழலும் நெற்றும் தருவது. பார்த்தவுடன் வெட்டத் தோன்றும், வெட்டாதீர்கள்.)

ஏப்ரலில் மண் சூடானதும் மீதி இடத்தில் வெண்டை, கொத்தவரை, தட்டைப்பயறு போடுங்கள். இவை ஜூனைப் பார்த்துப் பயப்படாத பயிர்கள். உங்களுக்கு இந்தச் சமையல் கைவந்த கலை. பக்கத்து வீட்டுக்காரர்கள் கீரையும் லெட்டூஸும் கருகிப்போச்சு என்று தோட்டத்தை மூடும் நேரத்தில் உங்களிடம் வெண்டை முற்றிக்கொண்டிருக்கும். முருங்கையும் இங்கே வரும். குளிரில் தரைமட்டம் வரை காய்ந்தாலும், வேரில் மூடாக்குப் போட்டு வைத்தால் வெயில் வந்ததும் மறுபடி வெடித்துக் கிளம்பும். உள்ளூர் விதை வேண்டுமானால் டூசானிலேயே நேட்டிவ் சீட்ஸ் சர்ச் என்ற அமைப்பு 1983 முதல் இந்தப் பாலைவனத்து மக்களின் பழைய விதைகளைச் சேர்த்துப் பாதுகாக்கிறது. அவர்களிடம் டெபாரி பீன்ஸ் கேளுங்கள். அதை முதல் மழையோடு ஜூலையில் விதைக்கலாம்.

குளிர்காலத்துக் கொத்தமல்லி இப்போது பூவெடுத்திருக்கும். பிடுங்காதீர்கள். அந்த வெள்ளைப் பூவுக்கு அசுவினியைத் தின்னும் குட்டிப் பூச்சிகள் வரும், மே தொடக்கத்தில் விதையும் உங்களுக்குக் கிடைக்கும்.

எலுமிச்சையிலும் ஆரஞ்சிலும் பனியில் கருகிய கிளை இருந்தால் கத்தரிக்கோலை எடுக்க அவசரப்பட வேண்டாம். எது வரை உயிர் இருக்கிறது என்று புதுத் துளிர் வந்து காட்டட்டும். கீழ்க் கிளைகளை எந்தக் காரணத்துக்காகவும் வெட்டாதீர்கள். அவைதான் அடிமரத்துக்குக் குடை. வெயில் பட்டால் பட்டை வெடித்துவிடும்.

களையில் ஒன்றே ஒன்றை மட்டும் விடாமல் பிடுங்குங்கள். இங்கே பஃபல் புல் என்பார்கள், நம்முடைய கொழுக்கட்டைப் புல்லேதான். ஊரில் ஆடு மாட்டுக்கு நல்ல தீனி. இங்கேயும் மாட்டுக்காகத்தான் 1930களில் கொண்டுவந்தார்கள். ஆனால் இந்தப் பாலைவனம் தீயைப் பழகியதில்லை. செடிக்கும் செடிக்கும் நடுவே வெறும் மண் இருப்பதால்தான் தீ பரவாமல் இருந்தது. அந்த இடைவெளியை இந்தப் புல் நிரப்பிவிடுகிறது. பற்றிக்கொண்டால் நூறு வயது சகுவாரோ கள்ளியும் தப்பாது. மழை பெய்த மறுநாள் வேரோடு வரும். வீட்டைச் சுற்றி முப்பதடிக்குக் காய்ந்த புல்லையும் சருகையும் ஏப்ரல் முடிவதற்குள் அகற்றிவிடுங்கள். மே, ஜூன் இங்கே காட்டுத்தீக் காலம்.

கோழிகள். இப்போது பகல் நீள்வதால் முட்டை கூடும், அந்தச் சந்தோஷத்தைக் கெடுக்க நான் வரவில்லை. பாம்பு முட்டைக்கும் எலிக்கும்தான் வருகிறது. சிந்திய தீவனத்தைத் தினமும் மாலையில் பெருக்குங்கள், தீவனத்தை மூடியுள்ள உலோக டப்பாவில் வையுங்கள். கோழி வலை என்று விற்கும் அறுகோணக் கம்பியில் பாம்பு புகுந்துவிடும். அரை அங்குலக் கண்ணுள்ள கெட்டிக் கம்பி வலையைக் கீழ் இரண்டடிக்கு அடித்து, மண்ணுக்குள்ளும் ஓரடி இறக்குங்கள். வந்தது எந்தப் பாம்பு என்று நீங்கள் எழுதவில்லை. கோஃபர் பாம்பு என்று ஒன்று உண்டு. விஷமில்லாதது, எலி பிடிப்பது. பயந்தால் தலையைத் தட்டையாக்கி வாலை ஆட்டி விஷமுள்ள கிலுகிலுப்பைப் பாம்பு மாதிரியே நடிக்கும். எதுவாக இருந்தாலும் கையில் கட்டையோடு கிட்டே போக வேண்டாம், விலகி நின்று ஆளைக் கூப்பிடுங்கள். வசந்தத்தில் பாம்புகள் பகலிலேயே நடமாடும். ஒருவேளை கடித்துவிட்டால் கீறுவது, கட்டுவது, ஐஸ் வைப்பது எதுவும் கூடாது, நேராக மருத்துவமனை. வெயில் ஏறும்போது கோழி வாயைத் திறந்து மூச்சு வாங்கும். தண்ணீர்ப் பாத்திரத்தை நிழலுக்கு மாற்றி, மதியம் ஒரு முறை புதுத் தண்ணீர் ஊற்றுங்கள். கொட்டகையில் அள்ளிய எருவை அப்படியே பாத்தியில் போடாதீர்கள், சூடு செடியைச் சுட்டுவிடும். மட்க வைத்து அக்டோபரில் போடலாம்.

தேனீக் கூட்டம் கிளையில் கொத்தாகத் தொங்கினால் அது புது வீடு தேடி வழியில் இளைப்பாறுகிறது. பெரும்பாலும் ஓரிரண்டு நாளில் போய்விடும். ஆனால் 1993 முதல் அரிசோனாவில் சீக்கிரம் கோபப்படும் ஆப்பிரிக்க இனக் கலப்புத் தேனீக்கள் இருக்கின்றன, அதனால் கல்லெறிவது, தண்ணீர் பீய்ச்சுவது எதுவும் வேண்டாம். சுவரிலோ தண்ணீர் மீட்டர்ப் பெட்டியிலோ கூடு கட்டியிருந்தால் தொழில்முறை ஆளைத்தான் கூப்பிட வேண்டும். துரத்தினால் முகத்தை மூடிக்கொண்டு வீட்டுக்குள்ளோ காருக்குள்ளோ ஓடுங்கள். குளத்துக்குள் குதிக்கக் கூடாது, தலை மேலே வரும் வரை காத்திருக்கும்.

எதை விடலாம் என்று கேட்டீர்கள். மெஸ்கீட் அடியில் சருகு கூட்டுவதை விடுங்கள், அது மண்ணுக்குப் போர்வை. வேலிக்குச் சாயம் அடிப்பதை விடுங்கள். புது மரம் நடுவதை அக்டோபருக்குத் தள்ளுங்கள், முருங்கை மாதிரிக் குளிர் தாங்காததை மட்டும் இப்போது வைக்கலாம். மரங்களைக் கழிப்பதையும் விடுங்கள், இந்த மாதங்களில் எல்லாவற்றிலும் பறவைக் கூடு இருக்கும். இவ்வளவையும் கழித்தால் சனிக்கிழமை காலை மட்டும் போதும். ஞாயிற்றுக்கிழமையைக் கணவருக்குத் திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.

இனி மாமியார். அவர் வரும் தேதியைப் பார்த்ததும் எனக்கு மனசு நிறைந்துவிட்டது. ஏப்ரல் நடுவிலிருந்து ஜூலை நடு வரை என்றால் இந்தப் பாலைவனம் காட்டக்கூடியதில் பெரும்பகுதியை அவர் பார்த்துவிடுவார்.

வந்து இறங்கும்போது பாலோ வெர்டே மரங்கள் மஞ்சளாக இருக்கும். கிட்டே கூட்டிப் போய் அடிமரத்தைத் தொட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். பட்டையே பச்சை, இலை உதிர்ந்த மாதங்களில் தண்டாலேயே சாப்பாடு தயாரித்துக்கொள்ளும் மரம். காற்றடித்தால் முற்றம் முழுக்க மஞ்சள் பூ படுக்கும், அதையும் கூட்டாதீர்கள். கோடையில் கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னே தள்ளும் வழக்கம் அரிசோனாவில் இல்லை என்பதால் மே மாதத்தில் ஐந்து மணிக்கெல்லாம் வெளுத்துவிடும். ஊரில் விடியலில் எழுந்து பழகியவருக்கு அது வசதி. காபியோடு வாசலில் ஒரு நாற்காலி போடுங்கள். கொண்டை வைத்த காம்பல் காடை ஒன்று கம்பத்தின் மேல் நின்று காவல் பார்க்கும், கீழே தாய்க் காடை ஓடும், பின்னால் அக்ரூட் கொட்டை அளவில் பத்துப் பன்னிரண்டு குஞ்சுகள் உருண்டுகொண்டே போகும். தண்ணீர்த் தட்டின் நடுவில் இரண்டு கல் போட்டு வையுங்கள், குஞ்சு மூழ்காமல் இருக்கும்.

மே நடுவில் சகுவாரோ பூக்கும். மெழுகில் செய்ததுபோல வெள்ளைப் பூ, இரவில் விரியும், மறுநாள் பிற்பகலில் மூடிவிடும். அதோடு அதன் கதை முடிந்தது. இரவில் வௌவால், காலையில் வெள்ளைச் சிறகுப் புறாவும் தேனீயும். அதனால் விடியலில்தான் பார்க்க வேண்டும். ஜூன் கடைசியில் அதே இடத்தில் பழம் வெடித்து உள்ளே சிவப்பாகத் தெரியும். இந்த மண்ணின் மூத்த குடிகளான டோஹோனோ ஓதம் மக்கள் நீண்ட கழியால் அதைப் பறிப்பார்கள்; அவர்களுக்கு வருடம் பிறப்பதே அந்த அறுவடையோடுதான். அதே நேரம் மெஸ்கீட் நெற்றும் பழுக்கும். கீழே விழுந்ததைப் பொறுக்காமல் மரத்திலிருந்தே, மழைக்கு முன்னால் பறித்து மெல்லக் கொடுங்கள், வெல்லம் மாதிரி இருக்கும்.

அவர் கிளம்புவதற்குள் முதல் மழை வந்துவிட்டால் கிரியோசோட் புதரின் வாசனை ஊரையே நிறைக்கும். நம் மண்வாசனை வேறு, இது வேறு. அந்த மழைக்காக மே மாதத்திலேயே கூரைத் தகரத்தையும் தொட்டியையும் கழுவி வையுங்கள். ஆயிரம் சதுர அடிக் கூரையில் ஓர் அங்குல மழை ஏறக்குறைய 600 கேலன்.

மே இரவுகளில் வெளியே கட்டில் போட்டுப் படுக்கலாம், அவ்வளவு இதமாக இருக்கும். படுக்கும் முன் ஒரு புற ஊதா டார்ச் அடித்துப் பாருங்கள், தேள் இருந்தால் பச்சையாக ஒளிரும். கட்டில் கால்களைச் சுவரை விட்டுத் தள்ளி வையுங்கள், காலையில் செருப்பைத் தட்டிவிட்டுப் போடச் சொல்லுங்கள்.

விமானம் ஏறும் முன் அவரிடம் ஒன்று சொல்லிவிடுங்கள். பாசத்தோடு ஒரு கறிவேப்பிலைக் கன்றைப் பெட்டியில் சுற்றி வைத்துவிடுவார். கன்றும் கூடாது, பச்சை இலையும் கூடாது. கறிவேப்பிலை எலுமிச்சைக் குடும்பம். அதோடு ஒரு சின்னப் பூச்சி வந்தால் உங்கள் மூன்று மரத்துக்கு மட்டுமில்லை, அந்த வட்டாரத்து ஆரஞ்சு முழுவதற்கும் நோய் வரலாம். விதைக்கும் முன்அனுமதி வேண்டும், அதையும் விட்டுவிடலாம். அந்த இடத்தில் கணுக்கால் மூடும் ஒரு ஜோடி ஷூவும், விளிம்பு அகலமான ஒரு தொப்பியும் வைத்துக்கொண்டு வரட்டும்.